பிளாப்பியில் உறங்கும் தோட்டத்துக் கதைகள்



எழுத்தைத் தின்பது கரையான் மட்டுமா? பத்திரமாகப் பெட்டியில் பூட்டி வைத்த பிளாப்பியும் தின்றுவிடும்!

கெடா மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெ.கார்த்திகேசு பிறந்தது பீடோங்கில். ம.நவீன் லூனாஸ்காரர். அவர்கள் எழுத்து நூலாகிவிட்டது, கவலையில்லை. நூலாகாத எழுத்தின் கதி என்ன? சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் ஆசிரியர்கள் தட்டச்சு செய்த நாடகங்கள், கோயில் மலர்கள், சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பிய பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகள்... லயங்கள் இடிந்து, தோட்டம் வீடமைப்புப் பகுதியான பிறகு, இவற்றை விட்டால் வேறு சாட்சி ஏது?

அந்தப் பழைய கோப்பைத் திறந்தால் ஏதேதோ குறிகள் தெரிகின்றன. "கெட்டுப்போச்சு" என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கெடவில்லை ஐயா, சாவிதான் தொலைந்திருக்கிறது! 1990களில் யூனிகோடு பரவவில்லை. பாமினி ஒரு வகை, டிஸ்கி ஒரு வகை, முரசு ஒரு வகை. பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குத் தமிழ் எப்படித் தெரியும்?

மீட்க முடியுமா? முடியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. இன்று அவற்றைக் கைப்பேசியிலும் படிக்கலாம்.

வீட்டிலும் அதையே செய்யலாம். பிளாப்பியில் இருப்பதை முதலில் அப்படியே நகலெடுங்கள். மூலத்தைத் திறந்து திருத்தாதீர்கள். எந்த எழுத்துரு என்று தட்டச்சு செய்தவரிடமே கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இடுங்கள்.

அதோடு வேலை முடிந்ததா? இல்லை. பழைய எழுத்துருவில் 'கொ' என்றால் கொம்பு, 'க', கால் என மூன்று துண்டு. யூனிகோடில் 'க'தான் முதலில் வரும். மாற்றும்போது கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவலாம். காலும் 'ர'வும் இடம் மாறலாம். ஆகவே அச்சுப்படியோடு ஒப்பிட்டு, வரிக்கு வரி படிக்க வேண்டும். பிறகு இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரு பிரதி காகிதத்திலும் இருக்கட்டும்.

மாற்றுவதற்குக் கணினி போதும். 'காண்டா' என்றால் பால் மரத்துத் தோட்டத்தில் தோளில் சுமந்த கழி என்று சொல்ல, அங்கே வாழ்ந்தவர் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே பெட்டியைத் திறங்கள்.