பல்கலைக்கழகப் பிரவேசமும் நம் மாணவரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அண்மையில் ஒரு தாயார் எம்மிடம் வந்து, "என்ர பிள்ளை பேச்சிலும் ஓட்டத்திலும் எத்தனையோ பரிசு எடுத்தவள், அதுகளைக் காட்டினால் கம்பசுக்கு எடுக்கமாட்டினமோ?" என்று வினவினார். அமெரிக்கக் கலாசாலைகள் பலவற்றிலே கட்டுரையும் ஆசிரியர் சிபார்சும் கேட்பார்கள். இங்கே விசேட திறமையாளர்க்கு ஓர் ஒற்றையடிப் பாதை உண்டெனினும், பெருவழி இசட் புள்ளி ஒன்றே.

தரப்படுத்தல் நினைவுக்கு வரவே பெரியோர் சிலரின் முகம் வாடுவதைக் காண்கிறோம். 1970களின் அந்தக் கணக்கு வேறு. 2001ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் வந்த இம்முறை, ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதையே அளக்கிறது. சராசரி 60, நியம விலகல் 10 ஆன பாடத்தில் 70 எடுத்தவனுக்கு 1; சராசரி 40, விலகல் அதே 10 ஆன பாடத்தில் 60 எடுத்தவனுக்கு 2. ஆகவே, "லேசான பாடம்" தேடி அலைவதில் லாபமில்லை. மூன்று பாடங்களின் சராசரியே எடுக்கப்படுவதால், வெறுத்து ஒதுக்கிய ஒரு பாடம் மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும். பொதுச் சாதாரணப் பரீட்சையிலும் 30 புள்ளி வேண்டும்; அதை விளையாட்டாக எண்ணுவோர் நம்மிடையே பலர்.

பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை.

இனி, நாம் மிகவும் கவலையுறும் விடயம் விண்ணப்பப் படிவம். எமக்குத் தெரிந்த ஒரு மாணவன் பொறியியலை விரும்பினான். கிடைக்காதென்று அஞ்சி, பௌதிக விஞ்ஞானத்தை முதலாம் விருப்பமாகவும் பொறியியலை இரண்டாவதாகவும் இட்டான். கடையிலே படிவம் நிரப்பிக் கொடுத்தவரும் அதுவே புத்தி என்றாராம். வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது அவன் புள்ளி பொறியியலுக்குப் போதியதாயிருந்தது! ஆனால் முதல் விருப்பம் கிடைத்தவனுக்கு இரண்டாவதை யார் பார்ப்பார்? அரிய துறையை முதலில் இடுவதால் அடுத்ததை இழக்க நேராது; புள்ளி போதாவிடில் கணக்கு அடுத்த விருப்பத்துக்கு இறங்கும். இது தெரியாமல் அவன் தகப்பனார் இன்றும் தம்மையே நொந்துகொள்கிறார். அவருக்கு யார்தான் சொல்லிக் கொடுத்தார்கள்?

மொறட்டுவைக் கட்டடக்கலை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சங்கீதம், நடனம் போன்றவற்றுக்குத் தகைமைச் சோதனை வேறாக உண்டு. அந்த அறிவித்தல் தனியே வரும். திகதி தவறினால் புள்ளி எத்தனை இருந்தும் பயனில்லை. அந்தத் தாயாரின் மகளுக்குச் சங்கீதத்திலும் விருப்பமுண்டாம். அவளை இதற்கே ஆயத்தப்படுத்தச் சொல்லியனுப்பினோம்.

விண்ணப்பம் கோரும் நாட்களில் மாலை ஐந்து மணி முதல் மன்ற வாசிகசாலையில் இருப்போம். கைந்நூலையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.