கடையை மறைக்கச் சொன்னது நாங்கள்தான்

(பொன்விழாக் கூட்டத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அடுத்த தலைமுறையின் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசச் சொல்லி எங்களை அழைத்தீர்கள். நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்ல. மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் வணிக டிப்ளோமா முடித்துவிட்டு மலாக்கா டவுனில் மளிகை மொத்த வியாபாரம் பார்க்கிறோம். வெங்காயம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கேட்டால் சொல்வோம். அதனால் புத்திமதி சொல்லாமல், நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறோம்.

2021-ஆம் ஆண்டு. நடமாட்டக் கட்டுப்பாடு இன்னும் தளராத காலம். ஜாசின் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி, கைப்பேசியில் ஓர் அழைப்பைக் காட்டினாள். ஒரு பன்னாட்டு முதலீட்டு வங்கி சிங்கப்பூரிலிருந்து இயங்கலையில் நடத்தும் இரண்டு நாள் அறிமுக நிகழ்ச்சி அது. இந்தத் துறையில் அதிகம் காணப்படாத பின்னணியைச் சேர்ந்த மாணவர்களுக்கு என்று போட்டிருந்தது. "அண்ணே, நீங்க பிசினஸ் படிச்சவங்க. இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

உண்மையில் எங்களுக்கும் தெரியாது. தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். நாம் சம்பளத்தைப் போட்டு எடுக்கும் வங்கி வேறு, இது வேறு. ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரும்போது அதன் பங்கை விற்றுக் கொடுப்பது, கடன் பத்திரம், சுக்கூக் வெளியிட்டு முதல் திரட்டிக் கொடுப்பது, ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது விலை மதிப்பிட்டு ஆலோசனை சொல்வது, இவைதாம் முதலீட்டு வங்கியின் வேலை.

விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். இனம் எது என்று கேட்டிருந்தார்கள். இந்த நாட்டில் பள்ளிக்கூடப் படிவத்திலிருந்து நமக்குப் பழகிய சிக்கல்தான் இது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றில் கோடு போடுவான், தம்பி வேறொன்றில் போடுவான். "இந்தியர்னு போடு. வீட்டில் பேசுவது தமிழ், மார்க்கம் இஸ்லாம் என்று கீழே எழுது" என்றோம். குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதல் ஆளா என்றும் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. ஆம் என்று அழுத்தினாள்.

செய்தி பரவியதும் பெரியவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். வங்கி என்றால் வட்டி, நம் பிள்ளை அங்கே போகலாமா என்பது ஒன்று. 1எம்டிபி பணம் போனதே இப்படிப்பட்ட வங்கி வழியாகத்தானே என்பது மற்றொன்று.

இரண்டும் நியாயமான கேள்விகள். 2012, 2013 ஆண்டுகளில் கோல்ட்மன் சாக்ஸ் ஏற்பாடு செய்த மூன்று கடன் பத்திர வெளியீடுகளில் 1எம்டிபிக்கு 650 கோடி அமெரிக்க டாலர் திரண்டது. அந்த விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ள 2020 ஜூலையில் 390 கோடி டாலர் மதிப்பிலான உடன்பாட்டுக்கு அந்த வங்கி நம் அரசாங்கத்துடன் ஒப்புக்கொண்டது. இதைப் படித்தபோது எங்களுக்குத் தோன்றியது ஒன்றுதான். கணக்கும் தெரிந்து இறையச்சமும் உள்ள பிள்ளைகள் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

வட்டியைப் பற்றிய கேள்விக்கும் இந்த நாட்டில் வழி இருக்கிறது. 1990-இல் ஷெல் எம்டிஎஸ் நிறுவனம் 12 கோடியே 50 லட்சம் வெள்ளிக்குச் சுக்கூக் வெளியிட்டது மலேசியாவில்தான். ஷரியாவுக்கு உட்பட்ட பங்குகளின் பட்டியலைப் பங்குச் சந்தை ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் மே, நவம்பர் மாதங்களில் வெளியிடுகிறது. எல்லா வேலையும் கூடும் என்று நாங்கள் சொல்லவில்லை. எந்தப் பிரிவு கூடும், எது கூடாது என்று ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாம் என்றுதான் சொல்கிறோம்.

நிகழ்ச்சி நாள் வந்தது. வீட்டில் இணையம் சரியில்லை. கடையில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லாததால் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கடைசி மேசையில் மடிக்கணினியை வைத்தோம். நாங்கள் கேமராவில் படாமல் எதிரே உட்கார்ந்தோம். அப்போதுதான் அந்த அறிவுரையைச் சொன்னோம். "பின்னால் ஒரு துணியைக் கட்டிக்கொள். கடையைப் பற்றிப் பேச்சு எடுக்காதே. அத்தா என்ன செய்கிறார் என்று கேட்டால் பிசினஸ் என்று மட்டும் சொல்."

முதல் நாள் நன்றாகப் போனது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் வந்து, காலையிலிருந்து இரவு வரை தாம் செய்யும் வேலையைச் சொன்னார். இரண்டாம் நாள் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஓர் அதிகாரி கேட்டார்: "நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு வியாபார முடிவைச் சொல்லுங்கள். அது ஏன் சரி, அல்லது ஏன் தவறு?"

மற்றப் பிள்ளைகள் செய்தித்தாளில் படித்த பெரிய நிறுவனங்களைப் பற்றிச் சொன்னார்கள். நம் தங்கை வாயைத் திறந்தாள், எங்களைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் உள்ளே சட்டி விழுந்த சத்தம் கேட்டது. கேமராவை அணைத்துவிட்டாள். முடியும்வரை திரும்பப் போடவே இல்லை.

அடுத்த கட்ட நேர்காணலுக்கு அவளை அழைக்கவில்லை. அது பெரிதல்ல. அன்று மாலை அவள் கேட்டதுதான் எங்களுக்கு இன்றுவரை உறுத்துகிறது. "அண்ணே, நம்ம கடை வெட்கப்படுற விஷயமா?"

அவள் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது நாங்கள் சொல்கிறோம். 2020 மார்ச் 18-இல் முதல் கட்டுப்பாடு வந்தபோது அவள் அத்தா மூன்றே நாளில் முடிவெடுத்தார். பலகார வகைகளைப் பாதியாகக் குறைத்தார். கடைக்காரரிடம் பேசி வாடகையில் பாதியைத் தள்ளி வைத்தார். வேலையாட்களை நிறுத்தாமல் பொட்டலச் சாப்பாட்டுக்கு மாற்றினார். தினமும் இரவு கையில் எத்தனை வெள்ளி, எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டது இந்தப் பெண்தான். அந்த வங்கிக்காரர்கள் முதல் நாள் படம் போட்டு விளக்கிய பணப்புழக்கமும் இடர் மதிப்பீடும் இதுதானே!

அவள் பாட்டனார் அதற்கும் முன்னால் பால்மரத் தோட்டத்து வாசலில் கடை வைத்திருந்தவர். சம்பள நாள் வரை கடன் கொடுப்பார். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றால் யாரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர் கடன் புத்தகத்தில் இருந்தது. அதை மறைக்கச் சொன்னது வங்கி அல்ல. நாங்கள்.

நாம் வாழும் ஊரே இதற்குச் சாட்சி. போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த மறு ஆண்டில் இங்கே வந்த தோமே பிரேஸ், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். சுல்தான்கள் காலத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களைக் கவனிக்க அவர்களில் ஒருவர். வந்தவன் தன் மொழியையும் சரக்கையும் மறைத்திருந்தால் இந்தத் துறைமுகத்தில் அவனுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெரிய வங்கிகள் திறக்கும் கதவு எப்போதும் திறந்தே இருக்காது. இயக்குநர் குழுவில் பன்முகப் பின்னணி கொண்ட ஒருவராவது இல்லாத நிறுவனங்களை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பங்குச் சந்தைக்குக் கொண்டு வரமாட்டோம் என்று 2020-இல் கோல்ட்மன் சாக்ஸ் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அந்த விதியைக் கைவிட்டது. காற்று மாறினால் அழைப்பும் நிற்கும். நம் பிள்ளைகளுக்கு நாம் செய்து வைப்பதுதான் நிலைக்கும்.

அந்தத் தங்கை மறு ஆண்டு உள்ளூர் வங்கி ஒன்றின் பயிற்சிக்கு எழுதினாள். இந்த முறை எங்களிடம் கேட்கவில்லை. நேர்காணலில் கடையைப் பற்றியே பேசினாளாம். அல்ஹம்துலில்லாஹ், இன்று கோலாலம்பூரில் இஸ்லாமிய நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

சங்கத்தாரிடம் எங்கள் கோரிக்கை மூன்று. ஒன்று, இந்தக் கட்டடத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, ஒரு மடிக்கணினி, நல்ல இணையம். நேர்காணல் உள்ள பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டு போய் உட்காரட்டும். இரண்டு, நம் குடும்பங்களில் யார் எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்ற பட்டியல். படிவத்தில் வரும் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் எந்தப் பிள்ளையும் நின்றுவிடக் கூடாது. மூன்று, இந்த அறை ஜாசின், ஆசாஹான், அலோர் காஜா பக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி. அவர்களுடைய தாத்தாக்களின் சம்பளத்தில்தான் நம் தாத்தாக்களின் கடை ஓடியது. அந்தக் கடன் புத்தகத்தில் நம் பக்கமும் ஒரு பாக்கி இருக்கிறது.

மடிக்கணினியை நாங்கள் வாங்கித் தருகிறோம். அறையை நீங்கள் கொடுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும் ஹலாலான ரிஸ்க்கையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.