பிரித்து அடுக்கும் குழந்தை: கருத்தரங்கத் தலைமையுரை



கரண்டி, தட்டு, புட்டி மூடி, சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டி, “பிரித்து வை, கண்ணு” என்று சொல்வது அங்கன்வாடியில் அன்றாட வேலை. இதற்கு ஒரு கருத்தரங்கமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும் என்பதே என் கட்சி. குழந்தை எப்படி யோசிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஜெனீவாவில் உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் செய்த ஆய்வுகள் 1959இல் நூலாயின. வட்டமும் சதுரமும் கொடுத்தால், சின்னஞ்சிறு குழந்தைகள் ஒத்தவற்றைச் சேர்க்கத் தொடங்கிப் பாதியிலேயே வீடு கட்டப் போய்விடுகிறார்கள். சற்று வளர்ந்ததும் நிறத்தையோ வடிவத்தையோ பிடித்துக்கொண்டு பிரிக்கிறார்கள். அப்போதும் ஒரு சிக்கல் தீர்வதில்லை. நிறையப் பழுப்பும் இரண்டு வெள்ளையுமாக மரமணிகளைக் காட்டி, “பழுப்பு மணி அதிகமா, மரமணி அதிகமா?” என்று கேட்டால், “பழுப்பு” என்கிறார்கள். முழுமையையும் அதன் பகுதியையும் ஒருசேர மனத்தில் நிறுத்த ஏழெட்டு வயதாகிறது.

1931–32இல் உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தானில் சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கைக் காட்டி, சேராததை எடுக்கச் சொன்னார். எழுத்தறியாத உழவர்கள் பலர் எதையும் எடுக்க மறுத்தார்கள். கட்டை இல்லாவிட்டால் ரம்பத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டால் அந்த வாதத்தில் குறையே இல்லை. நம் வகுப்பில் கரண்டியைச் சாம்பார் வாளியோடு வைக்கும் குழந்தையும் அந்த உழவர் கட்சிதான். ஆசிரியர் எதிர்பார்த்தது ‘இரும்புப் பொருள்’ என்பதால் அது தவறாகிவிடுகிறது.

அடிப்படை ஒன்றுக்கு மேல் இருப்பது நம் இலக்கணத்திலும் உண்டு. தொல்காப்பியத்தில் கிளவியாக்க இயலின்படி பசுவும் புல்லும் ஒரே அஃறிணை. அதே நூலின் மரபியலுக்கு வந்தால் புல் ஓரறிவு, பசு ஐயறிவு. அடிப்படை மாறினால் கூட்டம் மாறும்; இரண்டும் சரியே. குழந்தைக்கு நாம் தரவேண்டிய பயிற்சி இந்த மாற்றம்தான். பெட்டிகளில் முன்கூட்டியே சிவப்பு, பச்சைத் தாள் ஒட்டிவைத்தால் அடிப்படையை நாமே தேர்ந்துவிடுகிறோம். குழந்தைக்கு மிச்சமிருப்பது எடுத்துப்போடும் வேலை மட்டும்.

ஆகவே ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். பிரித்து முடித்ததும் “ஏன் இங்கே வைத்தாய்?” என்று கேளுங்கள். பிறகு எல்லாவற்றையும் கலைத்து, “வேறு மாதிரிப் பிரிக்கலாமா?” என்று கேளுங்கள். எதிலும் சேராத பொருளுக்கும் ஓர் இடம் விடுங்கள். பேச்சு வளர்வது அதைச் சுற்றித்தான். மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் பொத்தானும் கொட்டையும் வேண்டாம். வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும். அவர்களுக்குத் தட்டும் டம்ளரும் போதும்.

கட்டுரை வாசிக்கவிருக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒன்று. எத்தனை குழந்தைகள் சரியாகப் பிரித்தார்கள் என்ற அட்டவணை நம்மிடம் ஏராளம். பிரிக்கும்போது அவர்கள் சொன்ன காரணங்களின் பதிவு அரிது. அந்தச் சொற்களை, அவரவர் வட்டார வழக்கு மாறாமல், இந்த அவையில் வையுங்கள். விவாதம் அங்கிருந்து தொடங்கட்டும்.

முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.