செவிலியின் கடைசிப் படுக்கை



நம் சங்கத்தின் துணையால் கற்ற பெண்கள் பலர் இன்று செவிலியராகப் பணிபுரிகின்றனர். பிறருடைய இறுதி நாள்களில் அருகிருந்து காப்பது அவர்தம் தொழில். அவர்களே அவ்வாறு படுக்கையில் வீழ்ந்தால் அவர்களுக்குக் கிடைக்கும் பராமரிப்பு எத்தகையது? பிறர்க்கும் அது கிடைக்கிறதா?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாக இருந்தவர் அருணா ஷான்பாக். 1973 நவம்பர் 27-ஆம் நாள் அங்கே வேலை பார்த்த ஒருவன் அவர் கழுத்தைச் சங்கிலியால் நெரித்துக் கொடுமை இழைத்தான். மூளை பழுதுற்றது, நினைவு திரும்பவில்லை. 2015 மே 18-இல் மறையும்வரை, நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு மேல், அம்மருத்துவமனையிலேயே கிடந்தார். உடன் பணிபுரிந்த செவிலியர் அவருக்கு உணவூட்டினர், உடல் துடைத்தனர், புரட்டிப் படுக்கவைத்தனர். அவர்கள் ஓய்வு பெற்றபின், அருணாவின் பேச்சையே கேட்டறியாத இளஞ்செவிலியர் அப்பணியை ஏற்றனர்.

அவருக்கு உணவளிப்பதை நிறுத்த வேண்டுமென வழக்கு எழுந்தபோது செவிலியர் அதனை எதிர்த்தனர். அத்தனை ஆண்டுப் படுக்கையிலும் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. 2011 மார்ச் 7-இல் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளியது. அருணாவின் உண்மையான உற்றார் மருத்துவமனைப் பணியாளரே என்றும் கூறியது.

உறவும் பொருளும் அற்ற ஓர் ஏழை இவ்வாறு கிடந்தால் யார் புரட்டிவிடுவார்? சில மணிக்கொருமுறை பக்கம் மாற்றுதல், ஈரமில்லாத துணி, தூய்மை ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கற்ற கைகளும், இவர் நம்மவர் என்னும் எண்ணமுமே வேண்டும். அருணாவுக்கு அவை இரண்டும் வாய்த்தன.

ஆயினும் ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. தம் விருப்பம் யாதென்று அவரால் சொல்ல இயலவில்லை. மீளவியலா நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-இல் அம்முறை எளிதாக்கப்பட்டது. சாட்சிகள் இருவர் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அலுவலரிடம் சான்று பெற்றால் போதும். இதனை நம் தெருவில் எத்தனை பேர் அறிவர்? அறிந்தோர் அறியாதார்க்குச் சொல்லுதலே கல்வியின் பயன்.

தோழியரே! தொடாதே என்று விலக்கப்பட்டோரின் பிள்ளைகள் நீங்கள். இன்று உங்கள் கைபட்டால் நோயாளி ஆறுதல் பெறுகிறார். தம்முள் ஒருத்தி என்பதற்காக மும்பைச் செவிலியர் செய்ததை, படுக்கையில் கிடப்பவர் எவராயினும் அவர்க்குச் செய்யுங்கள்.