ஈரக் காற்றும் ஆழ்மணலும்

திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கடற்கரைக்குப் போய்த் திருநெல்வேலி திரும்பும் குடும்பங்களில், பிள்ளைகள் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும், அதற்குள் சங்கைச் சுமந்து நடக்கும் ஒரு நண்டும் வீடு வந்து சேர்வதுண்டு. துறவி நண்டு என்று இதை வண்ணமீன் கடைகளிலும் விற்கிறார்கள். ஒரு கைப்பிடி மணலும் ஒரு மூடித் தண்ணீரும் போதும் என்று சொல்லியும் விடுகிறார்கள். நண்டு சில வாரம், சில மாதம் தாக்குப்பிடிக்கிறது. பிறகு ஒருநாள் அசைவில்லாமல் கிடக்கிறது. அதற்கு ஆயுசு அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தரையில் வாழும் துறவி நண்டுகள் 30 ஆண்டுகள்கூட வாழக்கூடியவை. வீட்டில் அவற்றைக் கொல்வது பெரும்பாலும் பசி அல்ல. வறண்ட காற்றும் ஆழமில்லாத மணலும்தான். இந்த இரண்டையும் நம் ஊரில், நம் கைக்கு எட்டும் செலவில் சரிசெய்துவிடலாம் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் கொண்டுவந்தது எந்த நண்டு என்று பார்க்க வேண்டும். துறவி நண்டுகளில் பெரும்பாலானவை கடலுக்குள்ளேயே வாழ்கிறவை. அலை வந்து போகும் பாறையிடுக்கிலும், கணுக்கால் அளவுத் தண்ணீரிலும், கரைவலை இழுத்த இடத்திலும் கிடைக்கும் சின்ன நண்டுகள் அநேகமாக அந்த வகைதான். அவற்றுக்குக் கடல்நீர்த் தொட்டியும், காற்று ஊதும் மோட்டாரும், வடிகட்டியும் வேண்டும். அது செலவும் பழக்கமும் உள்ளவர்களின் வேலை. டப்பாவில் போட்டால் அவை பிழைப்பதில்லை. அவற்றுக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி, எடுத்த இடத்திலேயே உடனே விடுவது. நான் பேசுவது அலை தொடாத மணல்மேட்டில், செடி கொடிகளின் அடியில், இரவில் இரை தேடி நடக்கும் தரை நண்டைப் பற்றி. இது குஞ்சுப் பருவத்தைக் கடலில் கழித்துக் கரையேறிய பிறகு தரையிலேயே வாழ்கிறது. தண்ணீரில் முழுக அமிழ்த்தி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

தரைக்கு வந்துவிட்டாலும் இந்த நண்டு செவுளை விட்டுவிடவில்லை. காற்றை மூச்சாக இழுப்பதற்கு ஏற்ப அந்தச் செவுள் மாறியிருக்கிறது, ஆனால் அது எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் இருந்தால்தான் அது நன்றாக மூச்சு விடும். சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு சில காலம் சமாளிக்கும். வீட்டு நண்டு உடனே சாகாமல் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வதங்குவதும், வளர்ப்பவருக்குக் காரணம் புரியாமல் போவதும் அதனால்தான். நெல்லையில் பங்குனி, சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போதும் மழை மலையோடு நின்றுவிட, இங்கே வருவது பெரும்பாலும் மேல்காற்று மட்டுமே. கம்பிக் கூண்டிலோ திறந்த தொட்டியிலோ வைத்த நண்டுக்கு இந்தக் காற்றே எமன். ஆகவே நண்டு வீட்டின் முதல் தேவை நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே கண்ணாடி மூடி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடிக்குக் குறையாத உயரம் உள்ள பழைய மீன்தொட்டி போதும். ஒழுகும் தொட்டி என்று கடைக்காரர் ஒதுக்கி வைத்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நாம் அதில் தண்ணீர் நிரப்பப் போவதில்லை. மூடியைக் கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கி, காற்றுக்கு ஒரு விரல்கடை இடைவெளி விட்டால் போதும். மூடி மேல் ஒரு கல்லை வையுங்கள், இந்த நண்டு ஏறுவதில் கெட்டிக்காரன். குளிர்நாடுகளில் இதை வளர்ப்பவர்கள் சூடேற்றும் கருவிக்கே பணம் கொட்டுகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. வெயில் படும் சன்னலோரத்திலும், தகரக் கூரையின் கீழும் வைக்காமல் இருந்தால் போதும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை மட்டும் கணக்குப் பார்க்காமல் வாங்கி உள்ளே மாட்டுங்கள். இந்த வீட்டில் வாங்கியே தீர வேண்டிய கருவி அது ஒன்றுதான்.

அடுத்தது மணல். மற்ற நண்டுகளைப் போலவே இதுவும் வளர வேண்டுமானால் மேலோட்டைக் கழற்றியாக வேண்டும். அதற்காக ஈரமணலுக்குள் புதைந்து, தனக்கென ஒரு சிறு அறை குடைந்து, பழைய ஓட்டைக் கழற்றி, அதையே சுண்ணாம்புச் சத்துக்காகத் தின்று, புது ஓடு இறுகும்வரை உள்ளேயே கிடக்கும். சின்ன நண்டுக்கு ஒரு மாதம் ஆகலாம், பெரியதற்குப் பல மாதம் ஆகலாம். அந்த நேரத்தில் அதன் உடல் ஒரு விரல் பட்டாலே சிதையும் அளவுக்கு மென்மையாக இருக்கும். இரண்டு அங்குல மணலில் இது நடக்காது. குறைந்தது அரையடி ஆழம், பெரிய நண்டென்றால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் வேண்டும். இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் அரையடிக்கு நிரப்ப ஏறத்தாழ 27 லிட்டர் மணல் பிடிக்கும். எடை 40 கிலோ, ஒரு சிமென்ட் மூட்டையை விடக் குறைவு. தொட்டியை வைக்கும் மேசை அதைத் தாங்குமா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் போய் அள்ளலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010-இல் தடை விதித்தது நினைவிருக்கும். அந்த ஆறு பட்ட காயம் போதும். எம்-சாண்ட் கூடாது, உடைத்த கல்லின் கூர் நண்டின் மென்மையான வயிற்றைக் கீறும். யாராவது வீடு கட்டி மிச்சம் வைத்திருக்கும் பழைய ஆற்றுமணலைக் கேட்டு வாங்கிச் சலித்து, பலமுறை கழுவி, வெயிலில் காயவையுங்கள். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்த்தூள் சேருங்கள். மாடித்தோட்டத்துக்கென்று கட்டியாக விற்கிறார்களே, அதேதான். உரம் கலக்காததாகப் பார்த்து, உப்பும் கறையும் போக ஊறவைத்துப் பிழியுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த ஈரம் சரி.

புதைந்த நண்டைத் தோண்டிப் பார்ப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய கொடுமை. செத்துவிட்டதோ என்ற கவலையில் கிளறுகிறார்கள், அந்தக் கிளறலே அதைக் கொன்றுவிடுகிறது. செத்த நண்டு அழுகிய மீன் நாற்றம் அடிக்கும். நாற்றம் இல்லையென்றால் உயிரோடிருக்கிறது என்று நம்பிக் காத்திருங்கள். அரையடி மணல் போட்டால் பிள்ளைகள் நண்டைப் பார்க்கவே முடியாதே, பிறகு எதற்கு வளர்ப்பது என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மணலைக் குறைத்தால், கொஞ்ச நாளில் பார்ப்பதற்கு நண்டே இருக்காது. பல வாரம் மறைந்திருந்து, புது நிறத்தோடு மேலே வரும் உயிரைக் காத்திருந்து பார்க்கப் பழகும் பிள்ளைக்குக் கிடைப்பது பெரிய கல்வி என்றே நான் கருதுகிறேன்.

தண்ணீருக்கு இரண்டு கிண்ணம் வேண்டும், ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கடல்நீர். இரண்டிலும் நண்டு இறங்கி நனைந்து ஏறும் அளவுக்கு ஆழமும், ஏறிவரக் கூழாங்கல்லும் இருக்கட்டும். மாநகராட்சிக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர்தான், ஆனால் குளோரின் கலந்தது. அகலமான பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம், செம்பு நண்டினத்துக்கு நஞ்சு. காருகுறிச்சி மண்சட்டி இருக்கும்போது வேறு எதற்கு? கடல்நீருக்குப் பதில் சமையல் உப்பைக் கரைக்கலாமா என்றால், கூடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன, ஆனால் அவை எல்லாமே சமையல் உப்பு அல்ல. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். நண்டுக்கு வேண்டிய மெக்னீசியத்தில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. நம் வீட்டுக்கு வரும் உப்பில் அயோடின் வேறு சேர்க்கிறார்கள். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது திருச்செந்தூருக்கோ மணப்பாட்டுக்கோ போகிற யாரிடமாவது இரண்டு கேன் சொல்லிவிட்டால் பல வாரத்துக்கு வரும். பக்தர்கள் நீராடும் இடத்தையும், துறைமுகத்தையும், ஆறு கலக்கும் புன்னைக்காயல் பக்கத்தையும் விட்டுத் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள்.

சங்கு விஷயத்தில்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். நண்டு வளர வளரப் பெரிய சங்கு தேடும். ஒரு நண்டுக்கு மூன்று, நான்கு காலிச் சங்காவது அருகில் கிடக்க வேண்டும். கடைகளில் சாயம் பூசிய சங்கு விற்கிறார்கள். அந்தச் சாயம் உரிந்து வயிற்றுக்குள் போகும், வாங்காதீர்கள். கரையில் பொறுக்கலாம் என்றால், அங்கே நாம் எடுக்கும் ஒவ்வொரு சங்கும் அங்குள்ள நண்டு ஒன்றின் நாளைய வீடு. சங்குத் தட்டுப்பாட்டால் பாட்டில் மூடியைச் சுமந்து திரியும் நண்டுகளின் படங்கள் உலகின் பல கரைகளிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. இதற்கு நம் தோட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. முருங்கையையும் பப்பாளியையும் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையின் ஓட்டைத் தரை நண்டுகள் விரும்பி ஏற்கின்றன. ஜப்பானின் தென்தீவுகளில் இதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செத்துக் கிடக்கும் நத்தை ஓட்டை வெறுங்கையால் தொடாமல் எடுத்து, நன்றாகக் கொதிக்க வைத்துக் கழுவிப் போடுங்கள். செலவே இல்லை, கடற்கரைக்கும் நட்டமில்லை.

தீனி எளிது. தேங்காய்த் துண்டு, வாழைப்பழம், முருங்கைக்கீரை, உப்பில்லாமல் அவித்த சாளை மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை கிடைக்கும். ஒளிந்துகொள்ள ஒரு சிரட்டை, ஏற ஒரு மரக்கிளை. அந்த அறையில் கொசுவத்தியும் பூச்சி மருந்தும் மட்டும் வேண்டாம், கொசுவைக் கொல்வது நண்டையும் கொல்லும்.

ஒரு நண்டுக்கு இவ்வளவு பாடா, அதற்கு வலி தெரியுமா என்ன என்று சிலர் கேட்கலாம். பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர் துறவி நண்டுகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார். அதிர்ச்சி பட்ட நண்டுகள் சங்கை விட்டு வெளியேறின. ஆனால் பிடித்தமான சங்கில் இருந்தவை அவ்வளவு எளிதில் வெளியேறவில்லை. வலியையும் வீட்டின் மதிப்பையும் நிறுத்துப் பார்க்கிற உயிரை வெறும் பொம்மை என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் 1960-இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் மனிதன் தவிர்ந்த எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது.

இத்தனைக்கும் மேலே ஒரு மறுப்பு உண்டு. அதை நான் முழுதாக ஏற்கிறேன். காட்டு உயிரை எதற்கு வீட்டில் வைக்க வேண்டும்? இதன் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்பவை என்பதால் தொட்டியில் பெருக்குவது மிகக் கடினம். விற்பனைக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே கரையில் பிடித்தவை. ஜப்பான் 1970-லேயே தரைத் துறவி நண்டுகளை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காத்துவருகிறது. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கிருந்து எந்த உயிரையும் எடுக்க உரிமையில்லை. ஆகவே புதிதாக ஒரு நண்டை வாங்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். துணைக்கு இன்னொன்று வேண்டும் என்றால், வளர்க்க முடியாமல் கைவிடும் ஒருவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். நேற்றோ முந்தாநாளோ கொண்டு வந்த நண்டென்றால், எடுத்த அதே கரையில் மாலை நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் வீட்டில் இருந்ததை, கடையில் வாங்கியதை, எந்தக் கரையைச் சேர்ந்தது என்றே தெரியாததைக் கண்ட இடத்தில் விடுவது சரியல்ல. அவற்றுக்குத்தான் நான் சொன்ன இந்த வீடு.

அப்படி ஒரு நண்டு உங்கள் வீட்டில் டப்பாவுக்குள் இருந்தால், இன்று மாலையே அதை வாய் அகன்ற கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி, மேலே மூடியைப் போட்டு, ஈரமணலைக் கொட்டத் தொடங்குங்கள். சங்கும் கடல்நீரும் இரண்டு நாளில் வந்து சேரட்டும், ஈரக் காற்று மட்டும் இன்றே வேண்டும்.