பழைய மோட்டார் வாங்குவோர் பொறுப்பு

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

இம்மேடையில் எனக்கு முன் பேசிய அன்பர்கள் கல்வியாலும் வாக்கு வன்மையாலும் சிறந்தவர்கள். எனக்கு அத்திறமை இல்லை. "உமக்கு அநுபவமான ஒரு விஷயத்தைச் சொன்னாற் போதும்" என்று காரியதரிசியவர்கள் கட்டளையிட்டபடியால், எனக்கு நஷ்டத்தையும் புத்தியையும் ஒருங்கே தந்த ஒரு காரியத்தைச் சொல்லத் துணிந்தேன். அது பிறர் ஓட்டிய மோட்டார் காரை விலைக்கு வாங்குவதைப் பற்றியது.

இது சங்கத்திற் பேசத்தக்க பொருளோ என்று சிலர் நினைக்கலாம். நம் குடும்பங்களில் வீட்டுக்கும் நகைக்கும் அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவாவது வாகனத்திலேயே. முதன் முறை வாங்குவோரிற் பலர் பழைய வண்டியையே வாங்குகின்றனர்; அதையும் கூடியவரை நம்மவரிடத்தில் வாங்குவதே நலமென்று கருதுகின்றனர். ஆதலால் இது பணத்தை மாத்திரம் பற்றியதன்று. உயிரையும் உறவையும் பற்றியதாகும்.

நம் முன்னோர் மாட்டுத் தாவணிக்குச் சென்ற முறையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். விஷயந் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதை நிச்சயிப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டும் ஏரிற் பூட்டியும் பார்ப்பார்கள். அதன் பின்னரே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். விற்பவன் சொந்த மைத்துனனேயாயினும் பல்லைப் பாராமல் விட்டவர் இல்லை. அதை அவமதிப்பென்று அம்மைத்துனனும் எண்ணினதில்லை. ஒரு ஜோடி மாட்டுக்கு அவர்கள் காட்டிய ஜாக்கிரதையை, அதனினும் பன்மடங்கு விலையுள்ள வண்டிக்கு நாம் காட்டுகிறோமா? நான் காட்டவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2021-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், கல்லூரியில் வேலை பார்க்கும் என் மகளுக்கு ஒரு சிறு கார் தேவையாயிற்று. உறவு முறையில் எனக்கு மாப்பிள்ளையாகிற ஒருவர், 2016-ம் வருஷத்தில் பதிவான தம் காரை விற்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றேன். வண்டி கண்ணுக்கு அழகாக இருந்தது. "மாமா, தங்கமான வண்டி, நீங்கள் கேட்டபடியால் வெளியில் விடாமல் வைத்திருக்கிறேன்" என்றார். காப்பி கொடுத்தார்கள், குடும்ப நலம் பேசினோம், அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். பதிவுச் சான்றையும் இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் கையில் வாங்கிப் பையில் வைத்தேனேயன்றிப் படித்தேனில்லை. உறவினர் முன்னே கண்ணாடி போட்டுக் கொண்டு பத்திரம் படிப்பது மரியாதையாகாதென்று எனக்குப் பட்டது.

நான்கு மாதம் கழித்துப் பொங்கலுக்கு வந்த என் சகோதரி மகன் மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்ப்பவன். வண்டியில் உட்கார்ந்தவன், "மாமா, ஸ்டீரிங் நடுவில் உள்ள மூடி மற்றப் பாகங்களின் நிறத்தோடு ஒத்திருக்கவில்லையே, இது எங்கேயாவது மோதிய வண்டியா?" என்று கேட்டான். பட்டறையில் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருக்க வேண்டிய காற்றுப்பை இல்லை. மோதுங்காலத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரிந்து, ஓட்டுபவரின் தலையையும் மார்பையும் காப்பது அந்தப் பையே. ஒரு முறை விரிந்தால் மறுபடி உதவாது. புதிது வைக்க வேண்டும். அதற்கு விலை அதிகம். புதிது வையாமல், பைக்குச் செல்லும் கம்பிகளின் முனையில் சிறிய மின்தடை ஒன்றை இணைத்து மூடியிருந்தார்கள். அதன் பயன் யாதெனின், பை இருப்பதாக வண்டியின் கருவி ஏமாந்து, முன்பலகையிலுள்ள எச்சரிக்கை விளக்கும் குறை காட்டாமல் அணைந்துவிடும். என் மகள் நான்கு மாத காலம் தினந்தோறும் 30 கிலோமீட்டர் அவ்வண்டியிற் சென்று வந்தாள். அதை நினைத்து அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மாப்பிள்ளையிடம் சென்று கேட்டேன். "வண்டி ஒரு முறை மோதியது உண்மை, மாமா. பட்டறைக்காரர் எல்லாம் சரி செய்துவிட்டதாகச் சொல்லித் தந்தார். பை வைக்கவில்லை என்பதை நானும் அறியேன். மோதியதுண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றார். எனக்குக் கோபம் பொங்கிற்று. வார்த்தை தடித்தது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் பேரன் காதுகுத்துக்கு அவர் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இன்ஷூரன்ஸ் பத்திரத்தை முதன் முறையாகப் படித்தேன். நஷ்டஈடு கேளாமல் வருஷங்கள் கழிந்தால் கட்டணத்திற் கழிவு தருவது வழக்கம். ஐந்து வருஷம் கேளாமலிருந்தால் அது நூற்றுக்கு 50 வரையில் உயரும். ஐந்து வருஷமான அப்பத்திரத்திற் கழிவு சூன்யம் என்று அச்சிட்டிருந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும், ஆயினும் அது "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்கும்படி என்னைத் தூண்டியிருக்க வேண்டும். உண்மைக்கு வழிகாட்டும் காகிதம் என் பையிலேயே இருந்தது.

சட்டம் யாது சொல்லுகிறதென்று ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன். 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, வாங்கும் பொருளின் தரத்தைப் பார்த்துக் கொள்வது வாங்குபவன் கடமை என்பதை அடிப்படையாகக் கொண்டது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் குதிரை விற்பனையையே உதாரணமாகக் கூறியிருக்கிறார்கள். குதிரைக்கு நோயுண்டென்று அறிந்த ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், ஒன்றும் பேசவில்லை. அது மோசடியாகாது. வாங்குபவள் அவனுடைய மகளே, அப்போதுதான் மேஜரானவள் என்றால், அவ்வுறவின் காரணமாக உண்மையைச் சொல்வது அவன் கடமையாகிறது. வாங்குபவன், "நீர் மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே கொள்வேன்" என்று சொல்ல, விற்பவன் வாய் திறவாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமானமாகிறது. ஒரு கேள்வி கேட்பதற்கு எத்துணை மதிப்புண்டு என்பதை இதனால் அறியலாம்.

குறையை அறிந்தே மறைப்பவன் மோசடிக்காரனே. அவனைச் சட்டம் காவாது. ஆனால் வெறும் மௌனத்தால் நேர்ந்த ஏமாற்றமாயின், சாதாரண ஜாக்கிரதையால் உண்மையைக் கண்டிருக்கக் கூடியவன் அவ்வொப்பந்தத்தை ரத்துச் செய்ய முடியாதென்று 19-வது பிரிவு கூறுகிறது. அன்றியும், வியாபாரியிடம் வாங்கினவர்க்கு 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை செய்யும். தம் சொந்தக் காரை விற்கும் தனி மனிதரிடம் வாங்கினவர்க்கு அவ்வழி பெரும்பாலும் இல்லை. பார்த்தீர்களா? நம்மவரிடம் வாங்குகிறோம் என்று எங்கே அசட்டையாக இருக்கிறோமோ, அங்கேதான் சட்டத்தின் துணை குறைவு.

வண்டியிற் செய்யப்படும் மாறுதல்கள் பலவகை. பெட்ரோல் வண்டிக்குக் கியாஸ் பூட்டுதல், எஞ்சினை மாற்றுதல், வேகங் கூடும்படி எஞ்சினை ஆளும் கணிப்பெட்டியின் கணக்கைத் திருத்துதல், புகைபோக்கியிலுள்ள வடிகட்டியை அகற்றுதல், நிறத்தை மாற்றுதல், ஓடிய தூரங் காட்டும் மீட்டரைக் குறைத்தல் ஆகியவை அவற்றுட் சில. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுதல் கூடாது. சுப்ரீம் கோர்ட்டாரும் 2019-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இதனை உறுதி செய்தனர். அனுமதியின்றி மாற்றிய உடையவருக்கு ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையில் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாமென்று 182-ஏ பிரிவு கூறுகிறது. மாற்றினவர் முந்தின உடையவராயிருக்கலாம். சாலையில் நிறுத்தப்பட்டு விடை சொல்ல நிற்பவர் இன்றைய உடையவரே.

ஆகவே வாங்குவோர் செய்ய வேண்டுவன இவை. முதலாவது, பதிவுச் சான்றை வண்டியோடு ஒப்பிட வேண்டும். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், எரிபொருள், நிறம், ஆசன எண்ணிக்கை ஆகிய ஒவ்வொன்றையும் கண்ணாற் பார்க்க வேண்டும். கியாஸ் பூட்டியிருந்தால் அது சான்றிலும் இன்ஷூரன்ஸிலும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், ஸி.என்.ஜி. உருளையை மூன்று வருஷத்துக்கொரு முறை சோதித்த அத்தாட்சியும் வேண்டும். இரண்டாவது, பழைய இன்ஷூரன்ஸ் பத்திரங்களையும் பட்டறை ரசீதுகளையும் கேட்டுப் படிக்க வேண்டும். மூன்றாவது, விற்பவரைச் சாராத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று, கருவி பூட்டிச் சோதிக்கச் செய்ய வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவேயில்லையெனில் விளக்கையே பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் முழுதும் நம்பலாகாது என்பதற்கு என் வண்டியே சாட்சி. நான்காவது, கடன் பாக்கி இல்லையென்று உறுதி செய்து கொண்டு, 30 நாட்களுக்குள் பதிவை மாற்றும்படியும், 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸை மாற்றும்படியும் விண்ணப்பம் செய்துவிட வேண்டும். விற்பவரும் இதில் ஜாக்கிரதையாயிருத்தல் நலம். பதிவு மாறாதவரையில் விபத்து நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவிலுள்ள உடையவரையே சாருமென்று 2018-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்திருக்கின்றனர். ஐந்தாவது, வாய் திறந்து கேட்க வேண்டும்: "இவ்வண்டி மோதியதுண்டா? வெள்ளத்தில் நின்றதுண்டா? தயாரித்தபடியன்றி எதையேனும் மாற்றியதுண்டா?" விடையை ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

"உறவினரிடத்தில் இவ்வாறு கேட்பது சந்தேகப்படுவதாகாதா?" என்று சிலர் வினவக்கூடும். நானும் அவ்வாறெண்ணியே வாய் மூடியிருந்தேன். கேட்டிருந்தால் மோதிய கதையைச் சொல்லியிருப்பார், பட்டறையிற் பார்த்திருப்போம், பைக்காகும் செலவை விலையிற் கழித்திருப்போம், உறவும் குலைந்திராது. அக்கேள்வியை அடக்கிய என் மரியாதையே இரண்டு குடும்பங்களையும் ஒரு வருஷ காலம் பிரித்து வைத்தது. விசுவாசம் என்பது கேளாதிருப்பதன்று. கேட்டால் உண்மையே வருமென்று நம்பிக் கேட்பதாகும்.

வருஷம் ஒன்று சென்றபின் நானே அவர் வீட்டுக்குச் சென்று, "மாப்பிள்ளை, கேளாதது என் பிழை" என்றேன். "சொல்லாதது என் பிழை, மாமா" என்றார் அவர். பணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. புதிய பை வைக்க, வண்டி விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை முன்னமே நான் செலவிட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். வாங்குபவர் ஒரு நாள் விற்பவராகிறார். 2024-ம் வருஷத்தில் அவ்வண்டியை நான் விற்க முயன்றபோது, "பைதான் புதிது வைத்தாயிற்றே, பழைய கதை எதற்கு?" என்று தரகர் உபதேசித்தார். அது இனிமையாகத்தான் இருந்தது. எனினும் மோதியதையும், பை இல்லாதிருந்ததையும், புதிது வைத்த ரசீதையும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். முதலில் வந்தவர் வேண்டாமென்று போய்விட்டார். இரண்டாமவர் விலையைக் குறைத்து வாங்கினார். எனக்கு நேர்ந்ததை இன்னொருவர் மகளுக்கு நான் நேர்விக்கவில்லை என்னும் திருப்தி அக்குறைவுக்கு ஈடாயிற்று.

ஆதலால் நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் அங்கத்தினருள் ஒருவர் மற்றொருவருக்கு வண்டி விற்கும்போது, மோதல், வெள்ளம், மாறுதல் மூன்றையும் குறித்து ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதை வழக்கமாகக் கொள்வோமாக. அவ்வழக்கம் ஏற்பட்டால், கேட்பவருக்குக் கூச்சமும் இராது; சொல்பவருக்குக் குறைவும் இராது. உறவினர்க்கு உண்மை சொல்லும் கடமை விற்பவருக்கு அதிகம். அதனால் வாங்குபவரின் கடமை எள்ளளவும் குறைவதில்லை.