வெள்ளெழுத்தும் ஆழ்கடலும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அருகே, மேற்கில் மலைத்தொடர் எந்நேரமும் கண்ணில் நிற்கும் வன்னியம்பட்டியில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவன் நான். கடலைக் காணாத எங்களுக்குக் கிணறே சமுத்திரம். தண்ணீர் சேந்தும்போது கயிறு நழுவிச் செம்போ தோண்டியோ உள்ளே விழுந்துவிட்டால், பாதாளக்கரண்டியைத் தேடுவதற்கு முன்பாகவே எங்களைப் போன்ற பையன்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். மூச்சை அடக்கி முங்கி, கண்ணை அகலத் திறந்து பார்த்தாலும், வாய்விளிம்பின் நெளிவு முதற்கொண்டு எனக்கு அடையாளம் தெரிந்த எங்கள் வீட்டுச் செம்பு, அடித்தரையில் உருவமில்லாத மஞ்சள் மினுக்கமாகவே தோன்றும். கடைசியில் அதைக் கண்டுபிடித்தது கண் அன்று, கை.

இதன் காரணம் பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்கு விளங்கிற்று. கண்ணின் முன்புறத்தில் கவிந்திருக்கும் கருவிழிப் படலம், காற்றிலிருந்து வரும் ஒளியை வளைத்து உள்ளே குவிக்கிறது. கண் செய்யும் வளைத்தல் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதனுடையதே. ஆனால் அந்தப் படலமும் ஜலமும் ஒளியைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே சுபாவம் உடையவை ஆகையால், ஜலத்துக்குள் முங்கியவுடன் அந்தச் சக்தி பெரும்பாலும் மறைந்துபோகிறது. முக்குளிப்போர் மாஸ்க் அணிவது இதற்காகத்தான். தட்டையான கண்ணாடிக்குப் பின்னே அது சிறைபிடித்து வைத்திருக்கும் கையளவு காற்று, கண்ணுக்கு அதன் பழைய உலகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆயினும் அந்தக் கண்ணாடியின் வழியே, நீரில் உள்ள வஸ்துக்கள் முக்கால் தூரத்தில் இருப்பனபோல அருகிலும், மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் தெரிகின்றன.

இளைஞனுக்கு இது லாபம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கோ இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் நம்மவர்கள் சொல்லும் அந்தக் குறையில், கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போய், அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்ட மறுக்கிறது. தரையில் நாம் பத்திரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துச் சமாளிக்கிறோம். நாம் தள்ளிவைத்ததையெல்லாம் தண்ணீர் மறுபடியும் கிட்டே இழுத்துவிடுகிறது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாஸ்க்கை மாட்டலாம் என்றால், அதன் காதுக் கம்பிகள் மாஸ்க்கின் ஓரம் முகத்தில் ஒட்டவிடாமல் தடுத்து, உள்ளே நீர் புக வழிசெய்துவிடும்.

என் சகோதரியின் மகன் முக்குளிப்புக் கற்றுத் தருகிறவன். ஐம்பத்தைந்தாம் வயதில், மண்டபம் கரையிலிருந்து அவனுடைய படகில் ஏறி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த என் கையில், சிலிண்டரிலிருந்து குழாயில் தொங்கிய அழுத்தமானியைக் கொடுத்து, "மாமா, முள் எதிலே நிற்குது?" என்று கேட்டான். முள் தெரிந்தது, எண்கள் எறும்புக் கூட்டமாகக் கலைந்து கிடந்தன. "இருநூறாக இருக்கும், மாப்பிள்ளை" என்றேன். "இருக்கும் என்கிறது போதாது மாமா. படிக்கத் தெரியாமல் உங்களை இறக்கமாட்டேன்" என்று சொல்லி, மாஸ்க்கை வாங்கி வைத்துவிட்டான்.

அவன் செய்தது முற்றும் சரி. நிரம்பிய சிலிண்டர் சாதாரணமாக 200 பார் அழுத்தம் காட்டும். 50க்கு வருமுன் மேலே திரும்ப வேண்டும் என்பது பொது விதி. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால், அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல இரு மடங்கு காற்றைச் செலவழிக்கிறது. 50க்குக் கீழே அபாயத்தைக் காட்டச் சிவப்புத் தீட்டியிருப்பார்கள். ஆனால் கடலில் இறங்க இறங்க முதலில் மங்கும் வர்ணம் சிவப்புத்தான். ஆகவே வர்ணத்தை நம்ப முடியாது. எண்ணைப் படித்தே ஆகவேண்டும்.

மறுநாள் அவன் கொண்டுவந்தது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, அரைநிலா வடிவமான, வளையக்கூடிய ஒரு வில்லை; என் படிப்புக் கண்ணாடியின் சக்தியே அதற்கும், பிளஸ் இரண்டு. என்னை மாஸ்க்கை மாட்டிக்கொள்ளச் சொல்லி, அழுத்தமானியை நான் எங்கே பிடித்துப் பார்க்கிறேன் என்று கவனித்து, கண்ணாடியின் கீழ்ப்பாகத்தில் குறியிட்டுக்கொண்டு, வில்லையை நீரில் நனைத்து உட்புறம் ஒட்டி, அடியில் சிக்கிய குமிழ்களை விரலால் ஓரத்துக்குத் தள்ளி, இரவெல்லாம் உலர வைத்தான். உட்புறம் ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே வில்லையின் வளைவு காற்றைப் பார்த்து நிற்பதால் அதன் சக்தி குறைவதில்லை. அதே சக்தியுள்ள கண்ணாடி வில்லையை ஜலத்துக்குள் வைத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியே மிஞ்சும். மேற்பாகம் தூரத்துக்கு, கீழ்ப்பாகம் படிப்புக்கு. தூரப்பார்வையிலும் குறையுள்ளவர்கள் தங்கள் அளவுக்கேற்ற கண்ணாடிகளையே மாஸ்க்கில் பொருத்திக்கொள்ளலாம். எதுவானாலும் முதலில் கண் மருத்துவரிடம் அளவு பார்த்துக்கொள்வது அவசியம்.

குஸ்தோவும் கான்யானும் சேர்ந்து நீருக்குள் சுவாசிக்கும் கருவியை உருவாக்கிய 1943க்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பிருந்தே, மன்னார் வளைகுடாவில் வெறுங்கண்ணோடும் ஒரே மூச்சோடும் முத்துக் குளித்தவர்கள் நம் மனிதர்கள். அவர்கள் இடுப்புக் கயிற்றின் மறுநுனியை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள், தன் உடன்பிறந்தாள் தாலி இழக்க அவன் சம்மதியான் என்பதனால், என்று அந்தக் கரையில் சொல்வதுண்டு. இன்று அந்தக் கயிறு இல்லை. எத்தனை மூச்சு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும் முள் இருக்கிறது. வயது வந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, அந்த முள்ளைக் குத்துமதிப்பாகப் படிப்பவன் கயிற்றைத் தானே நழுவவிடுகிறான்.

வில்லை உலர்ந்தபின் கடலில் இறங்கிய அன்று காலை, பாறைப்பூண்டுகள் அசைந்த பச்சை வெளிச்சத்தில், மருமகன் எதிரே வந்து விரலால் கேட்டபோது, கண்ணைச் சற்றே தாழ்த்தினேன். நூற்றிருபது. எண் எண்ணாகவே தெரிந்தது. விரல்களால் அவனுக்குக் காட்டினேன். அவன் தலையசைத்துவிட்டு முன்னே நீந்தினான்.